பூமத்திய ரேகையைத் தாண்டும் சடங்கு: மாமா சொல்வது சரியா?

கேள்வி: சரக்குக் கப்பலில் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) சேர்ந்திருக்கும் என் மகன் முதல் தடவையாகப் பூமத்திய ரேகையைத் தாண்டப் போகிறான். மொட்டையடித்துச் சமையலறைக் கழிவில் முக்கி எடுப்பார்களாம். "மாலுமின்னா தாங்கணும்" என்கிறார் அவன் மாமா. தமிழ்நாட்டிலிருந்து ராஜுலா கப்பலில் மலாயாவுக்கு வந்த எங்கள் தாத்தா இப்படி எதுவும் சொன்னதே இல்லையே?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தாத்தா வந்த வழியில் அந்தக் கோடே கிடையாது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று எங்கே இறங்கியிருந்தாலும் சரி, சிங்கப்பூரே கோட்டுக்கு ஒரு டிகிரிக்கு மேல் வடக்கில்தான் இருக்கிறது.

மாமா சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். சடங்கு எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே தாண்டிய ஒருவர் தாடியும் சூலமுமாகக் கடலரசன் நெப்டியூன் வேஷம் கட்டி உட்காருவார், பக்கத்தில் ராணி, நாவிதர் எல்லாம் இருப்பார்கள், புதிதாகத் தாண்டுகிறவர் அதிகாரியானாலும் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். நாள் முழுக்கப் பதவி பார்த்தே நடக்கும் கப்பலில் இது நல்ல விஷயம். 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் சார்ல்ஸ் டார்வினுக்கே முகத்தில் தாரும் பெயின்ட்டும் பூசி, இரும்புப் பட்டையால் சுரண்டி, தண்ணீர் நிரப்பிய பாய்த்துணியில் தள்ளினார்கள்.

ஆனால் எதையும் தாங்கியே ஆக வேண்டும் என்பது மரபே இல்லை. முன்பெல்லாம் பாய்மரக் குறுக்குக்கட்டையிலிருந்து கயிற்றில் கட்டிக் கடலில் முக்குவார்கள். 1788-இல் பௌன்டி கப்பலின் கேப்டன் பிளை, கொடுமைக்காரர் என்று பெயரெடுத்த அதே மனிதர், மழிப்பதை அனுமதித்து, முக்குவதை மட்டும் மிருகத்தனம் என்று தடுத்துவிட்டார். அவரே நிறுத்தியதை நம் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

முகத்தில் சாயம், தலையில் உப்புத்தண்ணீர், அவனே சம்மதித்தால் மொட்டை, இதெல்லாம் போகட்டும். அழுகிய கழிவும் கிரீஸும் கண்ணிலும் வாயிலும் போனால் நடுக்கடலில் எந்த டாக்டரைத் தேடுவது? அடி, ஹோஸ் பைப் விளாசல் எதற்கும் அவன் தலையாட்ட வேண்டியதில்லை. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி கப்பலிலேயே புகார் செய்யும் முறை இருக்க வேண்டும், அது எழுதிய தாள் ஒவ்வொரு மாலுமியிடமும் இருக்க வேண்டும். உங்கள் மகனிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அப்புறம், என்னென்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சீஃப் ஆபீசரிடம் அவனே நேராகக் கேட்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாண்டி முடித்ததும் நெப்டியூன் பெயரில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த கப்பலில் காட்டாவிட்டால் மறுபடியும் புதியவர்கள் வரிசையில் நிறுத்திவிடுவார்கள்.