கினிப்புல் தண்டில் ரோஸ் நிறப் புழு

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் கால் ஏக்கரில் சோளம் போட்டிருக்கிறேன். வேலியோரத்துக் கினிப்புல்லின் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிறது. தண்டைப் பிளந்தால் உள்ளே ரோஸ் நிறப் புழு. களையை அழிக்கிற புழுதானே, விட்டுவிடலாமா ஐயா?

பதில்: விட்டுவிட வேண்டாம். தலை பழுப்பாகவும் முதுகு இளஞ்சிவப்பாகவும் இருந்தால், அது நெல், சோளம், குரக்கன் எல்லாவற்றையும் தாக்கும் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான். 2018இல் நாட்டுக்குள் வந்த சேனா படைப்புழுவென்று குழம்பிவிடாதீர்கள். படைப்புழுவுக்குத்தான் வால்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாகத் தெரியும்.

தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி வைக்கோல் நிறமுடையது, இரவில் நடமாடுவது. இலையின் மேல் முட்டையிடாமல், இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வரிசை வரிசையாக இடுவதால், உறையை மெல்ல உரித்தால்தான் வெளிர்மஞ்சள் மணிகளைப் போன்ற அந்த முட்டைகள் கண்ணில் படும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும் புழுக்கள் முதலில் உறையைச் சுரண்டித் தின்று, பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். துளை வாயில் ஈரமான எச்சம் தள்ளியிருக்கும். மூன்று முதல் ஐந்து வாரம் தின்று வளர்ந்து, தண்டுக்குள்ளோ உறைக்குள்ளோ கூட்டுப்புழுவாகி, பத்து நாளளவில் அந்துப்பூச்சியாக வெளியேறும். உங்கள் பக்கத்துக் குளிரில் இது இன்னும் நீளும்.

கினிப்புல்லில் ஒரு தண்டு செத்தால் பக்கத்தில் பல தூர் வெடிக்கும். சோளத்துக்கோ இருப்பது ஒரே தண்டு, குருத்துப் போனால் கதிரும் போயிற்று. ஆகவே இந்தப் புழுவால் களை அழியாது, களையில் பெருகும் புழுவால் உங்கள் சோளம்தான் அழியும்.

புல்லை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அடியோடு ஒட்ட அறுத்து, அன்றைக்கே சிறிதாக வெட்டி மாட்டுக்குப் போடுங்கள். அறுத்ததை வரப்பில் குவித்து வைத்தால் புழு ஊர்ந்து சோளத்துக்கு வந்துவிடும். குருத்துக் காய்ந்த சோளத்தைப் பிடுங்கிப் பிளந்து புழுவைக் கொல்லுங்கள், அறுவடைக்குப் பின் தாளையும் விட்டுவைக்காதீர்கள். தண்டுக்குள் போன புழுவை மருந்து எட்டாது என்பதால், இப்போது தெளிப்பது வீண்செலவு. பிளக்கும்போது புழுவின் பக்கத்தில் பஞ்சுபோல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால், அவை புழுவைக் கொல்லும் குளவியினுடையவை. அந்தத் தண்டை மட்டும் நிழலில் அப்படியே போட்டுவிடுங்கள். பத்தில் ஒரு செடிக்கு மேல் குருத்துக் காய்ந்திருந்தால், ஒரு செடியோடு உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரை உடனே பாருங்கள்.