சாவி யாருகிட்ட இருக்குதுங்க?

(ஊர் நூலகம் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். சாக்கு நிறையக் கடிதம் வந்தது என்று சொல்ல முடியாது. வந்தவை சூடாகவே வந்தன. பதில் சொல்கிறவர் சென்னிமலைப் பக்கம் ஒரு பகுதி நேர நூலகத்தில் தொடங்கி, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகர்.)

எங்கள் ஊரில் நூலகக் கட்டடம் இருக்கிறது. பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. மாவட்ட நூலக அலுவலகத்துக்கு மூன்று மனு போட்டேன். 'அது எங்களுடையது அல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பின்னே யாருடையது?
– வாசகர், கொடுமுடி அருகே

உங்களுக்கு வந்த பதில் சரி. ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

கட்டடத்துக்கு முன்னால் போய் நின்று பெயர்ப் பலகையைப் படியுங்கள். சுண்ணாம்பு அடித்து மறைந்திருந்தால் சுவரில் பதித்த கல்வெட்டைத் துடைத்துப் பாருங்கள். 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்று இருக்கும் என நினைக்கிறேன். 2006-ல் தொடங்கிய திட்டம் அது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று மாநிலம் முழுக்கக் கட்டினார்கள். கட்டியது ஊரக வளர்ச்சித் துறை, நடத்த வேண்டியது ஊராட்சி. பொது நூலகத் துறையோ பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழே இருப்பது. அதன் நூலகமாக இருந்தால் பலகையில் 'ஊர்ப்புற நூலகம்', 'கிளை நூலகம்', 'பகுதி நேர நூலகம்' இவற்றில் ஒன்று இருக்கும். சனங்களுக்கு ரெண்டும் 'லைப்ரரி'தான். ஆனால் சம்பளம் போடுகிற கை வேறு, புத்தகம் அனுப்புகிற கை வேறு, சாவியும் வேறு.

ஓய்வுக்குப் பிறகு காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் இப்படிப் பூட்டிக் கிடந்த ஒன்றைப் பார்க்கப் போனேன். தலைவரைக் கேட்டால் செயலரிடம் சாவி என்றார். செயலரைக் கேட்டால் தண்ணி விடுகிறவரிடம் என்றார். தண்ணி விடுகிறவர் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். "சாவி யாருகிட்ட இருக்குதுங்க?" என்றேன். "எங்கிட்டத்தானுங்க இருக்குது. தொறக்கோணும்னு இத்தன வருசத்துல யாருமே கேக்கலீங்களே" என்றார்.

திறந்து பார்த்தோம். உள்ளே உரச்சாக்கு ஏழெட்டு, கால் உடைந்த நாற்காலி ஒன்று, கட்டுப் பிரிக்காத புத்தகக் கட்டுகள். கட்டின் மேலே இருந்த புத்தகத்தைக் கரையான் அரித்து நடுவில் ஜன்னல் வைத்திருந்தது. அடியில் இருந்தவை புத்தம் புதுசு; பக்கம் புரட்டினால் மை வாசம் போகவில்லை.

அதனால் மாவட்ட நூலக அலுவலகத்துக்கு நாலாவது மனு வேண்டாம். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு தடவை கூடுகிறது. கேட்டால் போதாது, தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை வைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள். நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கவே இருக்கிறது.

வீட்டு வரி ரசீதில் 'நூலக வரி' என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். நான் நூலகத்துக்குப் போனதே இல்லை. நான் எதற்குக் கட்ட வேண்டும்? கட்டிய பணம் எங்கே போகிறது?
– வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்

திருப்பூர்க்காரர் இதைக் கேட்டதில் எனக்குத் தனிச் சந்தோசம். இந்த வரிக்குக் காரணமானவரே உங்கள் ஊரில் பிறந்தவர் அம்மணி.

சீர்காழியில் பிறந்தவர், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், பொது நூலகங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று 1930-களிலிருந்தே மன்றாடிக்கொண்டிருந்தார். நூலகம் என்பது தர்மப் பிரபு யாராவது மனசு வைத்தால் நடக்கும், அவர் போய்விட்டால் மூடிவிடும் என்று இருக்கக்கூடாது. பள்ளிக்கூடம் மாதிரி அதற்கும் நிலையான வருமானம் வேண்டும் என்பது அவர் கட்சி. சட்டம் வந்தபோது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினாரே, அவரேதான்; நான் சொன்ன திருப்பூர்க்காரர். அவர் காலத்தில் 1948-ல் சட்டம் நிறைவேறி, 1950-ல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அரையணா, நூலகத்துக்கு என்று அதில் எழுதினார்கள். இன்றைக்கு அது ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு.

மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ, இந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்கிற ஆள் மட்டும்தான். பணம் போய்ச் சேர வேண்டிய இடம் மாவட்ட நூலக ஆணைக்குழு. மாவட்ட அளவில் இயங்குவது. அதன் செயலர் மாவட்ட நூலக அலுவலர். கிளை நூலகத்து வாடகை, கரண்ட் பில், பத்திரிகைச் சந்தா, புத்தகம் எல்லாவற்றுக்கும் இந்த வரிதான் அடிமடி. மேலே சென்னையில் பொது நூலக இயக்ககம். 1972-ல் தனித் துறையாக வந்தது. அதுவரைக்கும் கல்வித் துறை இயக்குநரே நூலகத்தையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவட்ட ஆணைக்குழுக்களை மேற்பார்வை பார்ப்பது, புத்தகத் தேர்வை நடத்துவது எல்லாம் இயக்ககம். கொல்கத்தாவில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை வழியாக மத்திய அரசின் உதவியும் வரும்.

உங்களுடைய கேள்வியில் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. கட்டிய பணம் போய்ச் சேர்கிறதா? எல்லா நேரமும் சேர்ந்துவிடுவதில்லை. பல ஊர்களில் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் வேறு செலவுக்குப் புரட்டிக்கொண்டு, ஆணைக்குழுவுக்குப் பாக்கி வைத்துவிடும். 'எங்கள் நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை' என்று நூலகரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்தப் பாக்கியைக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ரெண்டே கேள்வி: கடந்த மூன்று வருடத்தில் நூலக வரி வசூல் எவ்வளவு? ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு? முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேள்வியை வளர்க்காதீர்கள். வளர்த்தால் வளவளவென்றுதான் பதில் வரும்.

போனதே இல்லை என்றீர்களே, அதற்கு நான் என்ன சொல்ல! ரேசன் அட்டைக்குச் சர்க்கரை வாங்காமல் விட்டால் மனசு அடிக்குமல்லவா?

எங்கள் நூலகர் நல்லவர். ஆனால் நல்ல புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, பழையதை மட்டும் வெளியே வைத்திருக்கிறார். கேட்டால் 'ஆடிட் வருது' என்கிறார். இது என்ன நியாயம்?
– கல்லூரி மாணவர், கோபிச்செட்டிபாளையம்

தம்பி, நியாயம் இல்லை. ஆனால் அந்தப் பீரோவை நானும் பூட்டியிருக்கிறேன்.

துறையின் மேற்பார்வை என்று எழுதினேனே, அது கீழே வந்து சேர்கிறபோது இரண்டு உருவம் எடுக்கும். ஒன்று நூலக ஆய்வாளர் வருகை. உறுப்பினர் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை நூல் வழங்கல், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எல்லாம் ஒரே பேனாவில் இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பார். அது நல்லதுதான். இன்னொன்று இருப்புச் சரிபார்ப்பு. ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அலமாரியில் புத்தகம் இருக்க வேண்டும்.

ஒரு கிளை நூலகத்தில் என் காலத்தில் சரிபார்த்தபோது 43 புத்தகம் குறைந்தது. ஜோசியப் புத்தகம் ஒன்றுக்கு மூன்று படி இருந்தது, மூன்றும் காணோம். போட்டித் தேர்வு கைடு பதினொன்று. மீதி சமையலும் கதையும். எல்லாம் வாசகர் எடுத்துப் போனதுதான். பாதிப்பேர் ஊரை விட்டே போயிருந்தார்கள். மேலிடத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். விளக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளத்தில் பிடித்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அந்த மாதம் வீட்டில் அரிசி வாங்க மாமனாரிடம் கை நீட்டியது மட்டும் மறக்கவில்லை. அடுத்த நாள் காலை வந்ததும் முதல் வேலையாகப் பீரோவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன்.

நூலகத்துப் புத்தகத்தில் முன்பக்கம் மட்டுமல்ல, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்தி எண் எழுதுவோம். ரகசியப் பக்கம் என்போம். அடித்துக்கொண்டு போகிறவர் முதல் பக்கத்தைக் கிழிப்பார். இது அவருக்குத் தெரியாது. அந்த 43-ல் ஒன்றை ரெண்டு வருடம் கழித்து ஒரு உறம்பரை வீட்டில் பார்த்தேன். முதல் பக்கம் இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே புரட்டி அந்தப் பக்கத்துக்கு வந்தேன். வட்ட முத்திரை, என் கையெழுத்தில் எண். ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பெண் எடுத்த வீடு, என்ன செய்ய? (எந்தப் பக்கம் என்று கேட்டு எழுத வேண்டாம். இப்போதும் சொல்ல மாட்டேன்.)

1931-ல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான். நூற்றுக்கு இத்தனை தேய்மானம் என்று ஏற்றுக்கொள்ளாமல் நூலகரின் பையில் கை விடுகிற வரைக்கும் அந்த விதி சுவரில் தொங்கும்; பீரோ பூட்டித்தான் இருக்கும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாசகர் வட்டத்தில் சேருங்கள். வட்டத்துத் தலைவர் பக்கத்தில் நின்று 'திறந்து வையுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் நூலகருக்குத் தெம்பு வரும். சாயங்காலம் ரெண்டு பேர் வந்து அலமாரி அடுக்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

என் கவிதைத் தொகுப்பை 500 படி அச்சடித்து வைத்திருக்கிறேன். நூலகத் துறையில் வாங்குவார்களா? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?
– கவிஞர், பல்லடம்

யாரையும் தெரியாது. தெரிந்தாலும் பிரயோசனம் இல்லை. இப்போது விண்ணப்பம் இணையத்தில் போகிறது, தேர்வுக் குழு பார்க்கிறது. அறிவிப்பு வரும்போது பதிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு படி போயாக வேண்டும். 1896-லிருந்து இருக்கிற நூலகம்; உங்கள் கவிதை அங்கே நம் எல்லோரையும் விட அதிக நாள் இருக்கும். மீதியில் பத்தைப் பல்லடத்து டீக்கடைகளில் வையுங்கள்.

எங்கள் அப்பாரு சேர்த்து வைத்த ஆயிரம் புத்தகத்தை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கப் போனோம். நூலகர் தயங்குகிறார். இலவசமாகக் கொடுத்தால்கூடவா வேண்டாம்?
– சகோதரர்கள், தாராபுரம்

ஆயிரம் புத்தகம் என்றால் பல பீரோ வேண்டும். நீங்கள் புத்தகம் கொடுப்பீர்கள், பீரோ யார் கொடுப்பது? அதோடு ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றினால் ஆயிரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. கோபிக்காரருக்கு எழுதிய பதிலைப் படித்தீர்கள்தானே?

இப்படிச் செய்யுங்கள். முதலில் பட்டியல் எழுதுங்கள்: பெயர், ஆசிரியர், ஆண்டு. பட்டியலோடு போனால் நூலகர் தனக்கு வேண்டியதை டிக் அடித்துக் கொடுப்பார், இருநூறு தேறும். பழைய பதிப்புகள், நின்றுபோன பத்திரிகைத் தொகுப்புகள் இருந்தால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், அங்கே இடமும் உண்டு, அருமையும் தெரியும். அப்புறம் அப்பாரு பேரில் ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். பெயரைப் பலகையில் எழுதுவார்கள். அண்ணன் தம்பி யார் கட்டுவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். நூலகத்துக்குள் சத்தம் போடக்கூடாது.

தாத்தா, லைப்ரரிக்கு ஏன் வெள்ளிக்கிழமை லீவு? எல்லாத்துக்கும் ஞாயித்துக்கிழமைதானே லீவு?
– ஆறாம் வகுப்பு மாணவி, நம்பியூர்

நீ ஞாயித்துக்கிழமை வருவாய் என்றுதான் கண்ணு. வெடியால சீக்கிரம் போ. பத்து மணிக்கு மேல் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் ஃபேனுக்குக் கீழே இருக்கிற பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.