பாலம் மாறும்போது மீன் எங்கே போகும்?

பழைய பாலத்தை இடித்துப் புதுப்பாலம் கட்டும் ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

குடமுருட்டியில் தூண் போடுவதற்காக வட்டமாக மண் கொட்டி அடைத்து, உள்ளே இருந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். மறுநாள் பார்த்தால் கெண்டையும் ஆரலும் செத்துக் கிடந்தன. அடுத்த தூணுக்காவது இதைத் தடுக்க முடியுமா?
– ஊராட்சி உறுப்பினர், திருவையாறு வட்டம்

நிச்சயம் முடியும். ஆறு ஆட்களும் இரண்டு வலைகளும் ஒரு நாளும் போதும். மோட்டாரை முதலில் ஓடவிட்டு மீனைப் பிறகு நினைப்பதால்தான் இந்தச் சாவு நேர்கிறது. வரிசையை மாற்றினாலே பாதி மீன் பிழைத்துவிடும்.

மண் வளையத்தை ஆற்றோட்டத்தின் மேல்புறத்தில் தொடங்கி, கீழ்ப்புற வாயைக் கடைசியில் அடையுங்கள். அடைக்கும் முன் இழுவலையைத் தரையோடு உரசியபடி மேலிருந்து கீழாக மூன்று முறை இழுத்து வந்தால், மீனில் பெரும்பகுதி வாய்வழியே தானே வெளியேறிவிடும். உடனே அந்த வாயில் தடுப்பு வலை கட்டிவிட்டு மண்ணைக் கொட்ட வேண்டும். இறைப்பதையும் அன்றே தொடங்குங்கள். அடைபட்டு நிற்கும் நீரில் இரவோடு இரவாகப் பிராணவாயு குறைந்துவிடும்.

15 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள வளையத்தில் 180 கன மீட்டர் தண்ணீர் இருக்கும். நொடிக்கு 15 லிட்டர் இறைக்கும் பம்பு, ஊற்று இல்லாவிட்டால், 3 மணி 20 நிமிடத்தில் அதை வற்றவைத்துவிடும். அப்படி ஒரே மூச்சில் வற்றவிடாதீர்கள். முழங்கால் அளவில் நிறுத்தி வலை இழுங்கள். கணுக்கால் அளவில் மறுபடி நிறுத்திக் கைவலையால் அள்ளுங்கள். ஆரலும் தேளியும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால், அன்று மாலையும் மறுநாள் விடியற்காலையிலும் சேற்றைக் கையால் துழாவிப் பார்க்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சு வாயைச் சும்மா விட்டால் குஞ்சுகள் அப்படியே அரைபட்டுப் போகும். 200 லிட்டர் டிரம்மைச் சுற்றிலும் துளையிட்டு, 2 மி.மீ. கண்ணுள்ள வலையை அதன்மேல் சுற்றி, உறிஞ்சு குழாயின் அடிமுனையான ஃபுட் வால்வை உள்ளே இறக்குங்கள். வலையை நோக்கி வரும் நீரின் வேகம் நொடிக்கு 6 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் குஞ்சுகளைக் காக்கக் கடைப்பிடிக்கும் அளவு இது. 15 லிட்டர் பம்புக்குக் கணக்குப் போட்டால் 0.25 சதுர மீட்டர் வலைப்பரப்பு நீருக்குள் இருந்தால் போதும். டிரம்மின் பக்கவாட்டுப் பரப்பு ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். ஆனாலும் பாதி டிரம்மாவது முழுகியிருக்கட்டும். சருகும் பாசியும் ஒரு மணி நேரத்தில் வலையை மூடத் தொடங்கிவிடும்.

பிடித்த மீனை நிழலில் வைத்த தொட்டியில் போடுங்கள். 50 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோவுக்கு மேல் வேண்டாம். விராலைத் தனித் தொட்டியில் விடாவிட்டால் அயிரை மிஞ்சாது. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய் இரண்டு மூன்று நாளில் புண் வந்துவிடும். வேலையிடத்துக்கு மேல்புறம் சில நூறு மீட்டர் தள்ளி, தொட்டிக்குள் ஆற்று நீரைப் பத்து நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகு விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் வலையில் வந்தால் மட்டும் திருப்பி விடாதீர்கள். அவை நம் ஆற்று மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்பவை.

ஆற்றுக்குள் வேலை செய்ய எந்த மாதங்கள் சரி?
– வாசகி, கும்பகோணம்

டெல்டாவில் பிப்ரவரி தொடங்கி மே வரை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மூடியதிலிருந்து மறுபடி திறக்கும்வரை உள்ள இடைவெளிதான் ஆறு நமக்குக் கொடுக்கும் நேரம். புதுவெள்ளம் வந்ததும் ‘மீன் ஏறுது’ என்று ஊரில் சொல்வார்களே, அது முட்டையிடப் போகும் மீன். அந்த வாரங்களில் குறுக்கே மண் கிடந்தால் அந்த ஆண்டின் குஞ்சு அதோடு போயிற்று.

பைல் (தரைக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கால்), பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் மேடை), வெள்ள மட்டத்துக்கு மேல் வரும்வரை தூண், இவை மூன்றையும் இந்த நான்கு மாதத்துக்குள் முடித்துவிட்டால், தூண்களுக்கு மேல் கர்டர் எனும் உத்தரங்களை ஏற்றுவதையும் மேல்தளம் போடுவதையும் தண்ணீர் ஓடும்போதும் செய்யலாம். கோடையில் கவனிக்க வேண்டியது மடு. ஆறு வற்ற வற்ற மீனெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். பாலத்துக்குக் கீழேயே மடு இருந்தால் அதைத் தூர்க்காமல் தூணின் இடத்தை வரைபடத்திலேயே நகர்த்த முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

பைல் போடும்போது சாம்பல் நிறக் குழம்பு ஆற்றில் வழிகிறது. ‘வெறும் களிமண்தான்’ என்கிறார்கள். உண்மையா?
– மீன்பிடித் தொழிலாளி, பவானி

அது பென்ட்டோனைட், பைலுக்குத் தோண்டும் துளையின் சுவர் சரியாமலிருக்க உள்ளே நிரப்பும் களிமண் குழம்பு. நஞ்சில்லை என்பது சரி. ஆனால் மிக நுண்ணிய களிமண்ணாதலால் மீனின் செவுளில் ஒட்டும். கூழாங்கல் இடுக்குகளில் படிந்து முட்டைகளையும் மீனுக்கு இரையாகும் பூச்சிகளையும் மூச்சுமுட்ட வைக்கும்.

எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 1.2 மீட்டர் விட்டம், 25 மீட்டர் ஆழமுள்ள ஒரு பைலின் கொள்ளளவு 28 கன மீட்டர். துளையின் அடிவரை இறங்கும் டிரெமி குழாய் வழியே கான்கிரீட் அடியிலிருந்து ஏற ஏற, அதே 28 கன மீட்டர் குழம்பு மேலே தள்ளப்படும். அதைப் பிடிக்க 10 கன மீட்டர் தொட்டியை வைத்துவிட்டு, நிரம்பியதும் வாய்க்காலில் விடுவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். குறைந்தது 45 கன மீட்டர் தொட்டி கரையில் இருக்க வேண்டும். துளையைச் சுற்றி நிற்கும் இரும்பு உறையான லைனரின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு 1 மீட்டராவது மேலே நிற்க வேண்டும். அதிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்புகளை ஒவ்வொரு பைலுக்கு முன்பும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் அந்த இணைப்பில்தான்.

கான்கிரீட் லாரியை ஆற்றில் கழுவினால் என்ன ஆகும்?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

ஆற்று மீனுக்கு இதைவிடக் கொடியது வேறில்லை. சிமென்ட் கழுவிய நீரின் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். 9-ஐத் தாண்டினாலே மீன் தவிக்கத் தொடங்கும். பி.எச். ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறியதாகப் பொருள். கோடையில் கணுக்கால் அளவு ஓடும் தாமிரபரணியால் அதை நீர்க்கச் செய்ய முடியாது.

கரையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, 2 மீட்டர் நீள அகலமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள குழி வெட்டி, கிழியாத தார்ப்பாயை விரித்து அதில் கழுவட்டும். தெளிந்த நீரை அடுத்த கலவைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். கை சற்று அதிகமானால் மறுபக்கம் சாய்ந்துவிடும். புதுக் கான்கிரீட்டை 7 நாளாவது ஆற்று நீர் தொடாமல் வைத்திருங்கள். அதுவரை வளையத்துக்குள் ஊறும் நீரும் காரமாகவே இருக்கும் என்பதால், அதை ஆற்றில் விடாமல் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்து, தனிக் குழிக்கு அனுப்ப வேண்டும். கான்கிரீட்டுக்கு அச்சாக நிறுத்தும் ஷட்டரிங் தகட்டில் பழைய இன்ஜின் ஆயில் பூசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீர்மேல் மினுக்கும் வானவில் படலம் அதிலிருந்து வருவதுதான்.

மாற்றுப்பாதைக்கு அடியில் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டிருக்கிறார்கள். தண்ணீர் போகிறது. மீன் போகுமா?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

கீழ்ப்புற முனையில் நீர் அருவிபோல் விழுந்தால் போகாது. 15 செ.மீ. படி இருந்தாலும் அயிரையால் ஏற முடியாது. பைப்பின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆற்றுத் தரைக்குக் கீழே புதைந்து, உள்ளே மணல் படிந்திருக்க வேண்டும்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். உரிக்காத தேங்காயை மேல்முனையில் விட்டு, கீழ்முனையில் வெளிவர எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 7.5 மீட்டர் நீளப் பைப்பை 25 நொடியில் கடந்தால் நொடிக்கு 30 செ.மீ. சிறு மீனும் மெல்ல ஏறிவிடும். 5 நொடியில் வந்தால் நொடிக்கு 1.5 மீட்டர். அப்படியானால் பைப் எண்ணிக்கை போதவில்லை. இன்னும் பதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வண்டல் தடுப்புத் திரை வாங்கலாமா?
– ஒப்பந்ததாரர், ஈரோடு

கலங்கல் பரவாமலிருக்க நீரில் தொங்கவிடும் திரை அது. நொடிக்கு அரை மீட்டருக்குக் குறைவாக ஓடும் இடத்தில் மட்டும் வாங்கலாம். அதற்கு மேல் திரை கொடிபோல் மடங்கி மிதக்கும். அந்தப் பணத்தில் மணல் மூட்டை வளையத்தை உறுதியாகக் கட்டுங்கள். 1,200 மூட்டை இறக்கினால், முடிந்ததும் 1,200 எண்ணி எடுக்க வேண்டும்.

பழைய பாலத்தை இடித்து அப்படியே விட்டுவிட்டால் ஆறே அடித்துக்கொண்டு போகாதா?
– வாசகர், முசிறி

போகாது. உடைந்த தூண் துண்டுகள் கிடந்தால் அவற்றின் கீழ்ப்புறம் ஆறு குழி பறிக்கும். மேல்புறம் மணல் சேர்ந்து படியாகும். அடுத்த வெள்ளம் அங்கிருந்து கரையை அரிக்கும், புதுத் தூணையும் சேர்த்து. திருச்சியில் 1928-இல் கட்டிய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூணோடு சரிந்ததை நினைத்துப் பாருங்கள். கைவிட்ட பாலம் நம் வசதிக்காகக் காத்திருப்பதில்லை.

கர்டர்களை வெட்டி கிரேனால் தூக்கி இறக்க வேண்டும். பழைய இரும்புப் பாலமானால் அடிப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கேஸ் கட்டர் வைக்கும் இடத்துக்குக் கீழே தார்ப்பாய் கட்டிச் செதில்களைப் பிடியுங்கள். தூணை ஆற்றுத் தரைக்கு 1 மீட்டர் கீழே வரை வெட்டியெடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவார்கள்?
– பெயர் வேண்டாம்

ஒப்பந்தப்புள்ளியின் அளவுப்பட்டியலில் ‘மீன் மீட்பு’, ‘பென்ட்டோனைட் தொட்டி’, ‘வளையமண் அகற்றல்’ எனத் தனித்தனி வரியாக இருந்தால் மட்டும் நடக்கும். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு: ஒப்பந்ததாரர் பொறுப்பு’ என்று ஒற்றை வரியில் எழுதினால் எதுவும் நடக்காது, விலை குறைத்துக் கேட்டவர் அதைத்தான் முதலில் விடுவார். பட்டியல் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வேலை தொடங்கும் முன் கேளுங்கள்.

கரையிலிருந்த நீர்மருது மரத்தை வெட்டிவிட்டார்கள். என்ன நடலாம்?
– விவசாயி, பாபநாசம்

வேர்க்கட்டையைத் தோண்டவிடாதீர்கள். மருது கட்டையிலிருந்தே துளிர்க்கும். அதைச் சுற்றி விரல் பருமனுள்ள நொச்சிக் குச்சிகளை முக்கால் மீட்டர் நீளத்துக்கு நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி அரை மீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். முதல் மழைக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது ஊன்றினால் பிடித்துக்கொள்ளும்.