பாலம் தாங்கும், பயப்படாதீர்கள்

கேள்வி: என் மனைவிக்கு 38 வயது, எடை 92 கிலோ. பேலியோ, ஓட்ஸ், கொள்ளுத் தண்ணீர், வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும் என்று எல்லாம் பார்த்தாயிற்று. குறையும், ஆறு மாதத்தில் திரும்ப ஏறிவிடும். மறுபடி முயற்சி செய் என்று நானும் விடாமல் சொல்லி வந்தேன். இப்போது தன்னைப் போலவே உடம்புள்ள நாலு பெண்களோடு சேர்ந்துகொண்டாள். ஒருத்தி அண்டி ஆபீசில் (முந்திரிப்பருப்பு ஆலையில்) வேலை பார்ப்பவள், ஒருத்தி டீச்சர், ஒருத்தி கடற்கரை ஊர்க்காரி, இன்னொருத்தி எங்கள் தெருவிலேயே மாவு அரைத்து விற்பவள். சனிக்கிழமை ஆனால் எங்கேயாவது கிளம்பிவிடுகிறார்கள். மார்த்தாண்டத்தில் டெய்லர் பிடித்துச் சுடிதார் தைக்கிறார்கள், இந்த உடம்புக்கு! ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பிபி பார்க்கும் மிஷினுக்குப் பெரிய பட்டை வாங்கி வீடு வீடாகக் கொண்டு திரிகிறார்கள். போன மாதம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனபோது "பாலம் தாங்குமாலே?" என்று பையன்கள் சிரித்தார்களாம். அதை அவளே வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அவமானம் எனக்குத்தான். குண்டாக இருப்பதை இப்படிக் கூட்டம் சேர்ந்து கொண்டாடினால் சுகரும் பிபியும் வராமல் போகுமா? நீங்களாவது இரண்டு வார்த்தை புத்தி சொல்லி எழுதுங்கள்.
– பெயர் வேண்டாம், தக்கலை.

பதில்: முதலில் அந்தப் பாலத்தை முடித்துவிடுவோம். தொட்டிப்பாலம் 1966இல் கட்டி முடித்தது. 28 தூண், 115 அடி உயரம். மேலே தொட்டியில் ஓடுவது கால்வாய்த் தண்ணீர். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. உங்கள் மனைவியின் எடையில் ஐந்து பேர் நின்றாலும் 460 கிலோதான், அரை கன மீட்டர் தண்ணீருக்கும் கீழே. பையன்களுக்குக் கணக்கு வரவில்லை, போகட்டும். அந்தச் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வர உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள்தான் அதைத் தக்கலை வரை சுமந்து வந்து, எனக்குத் தபாலும் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேலியாக எழுதிய அந்தப் பிபி பட்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான விஷயம் அதுதான்.

கையில் சுற்றும் பட்டைக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. அது கையை இறுக்கி ரத்த ஓட்டத்தை ஒரு நொடி நிறுத்தி, பிறகு விடும். அதை வைத்துத்தான் அளவு. கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால், நிறுத்துவதற்குக் கூடுதல் காற்று வேண்டும். மிஷின் அந்தக் கூடுதலையும் சேர்த்துக் காட்டும். சாதாரணப் பட்டை, மேற்கையின் சுற்றளவு 27 முதல் 34 சென்டிமீட்டர் வரை இருப்பவர்களுக்கானது. அதற்கு மேல் 44 வரை பெரிய பட்டை. அதற்கும் மேல் இன்னும் பெரியது. அமெரிக்காவில் 195 பேரிடம் இதைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 5 புள்ளி ஏறிக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கு ஏறத்தாழ 20 புள்ளி. 125 இருக்கிற ஆளுக்கு 145. இல்லாத பிபிக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர இது போதும்.

நம் பக்கத்துச் சின்னக் கிளினிக்குகளில் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். ஒரே பட்டைதான் மேசையில் கிடக்கும். நர்ஸ் சுற்றுவார், ஒட்டாது. இழுத்து ஒட்டுவார், காற்று ஏறும்போது பிய்த்துக்கொண்டு வரும். "எக்கா, கைய ஆட்டாம வைங்க" என்பார், ஏதோ கை செய்த குற்றம் போல. பின்னால் வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பதற்றத்துக்கே நாலு புள்ளி ஏறும். உள்ளே போனால் காதுவலி என்று வந்தவரிடமும் முதல் பேச்சு எடையைப் பற்றித்தான். இரண்டு முறை இப்படி ஆனால், மூன்றாம் முறை வலித்தாலும் போகத் தோன்றாது. சுகரோ பிபியோ உள்ளே சத்தமில்லாமல் வளர்வது இந்த இடைவெளியில்தான்.

சுகரும் பிபியும் வருமே என்று கேட்கிறீர்களே, அதைக் கண்காணிக்கிற வேலையைத்தான் அந்த ஐந்து பேரும் செய்துகொண்டிருக்கிறார்கள். "சிஸ்டர், இந்தப் பட்டையக் கட்டிப் பாருங்க" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தனியாகப் போனால் அது தொண்டையில் நிற்கும், பக்கத்தில் ஒருத்தி நின்றால் வெளியே வரும். (ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: டிஜிட்டல் மிஷின் என்றால் ஒரு கம்பெனிப் பட்டையை இன்னொரு கம்பெனி மிஷினில் மாட்டக்கூடாது. அளவு தப்பும். மிஷினையும் சேர்த்தே கொண்டு போகட்டும்.)

அடுத்தது, குறைந்து ஏறும் கதை. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. சராசரியாக 13.5 கிலோ குறைந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பசியைக் கிளப்புகிற சுரப்புகள் பழைய அளவை விட ஏறியே இருந்தன. வயிறு நிறைந்தது என்று சொல்கிற சுரப்புகள் இறங்கியே இருந்தன. எடையும் திரும்பி வந்துகொண்டிருந்தது. இழந்ததைத் திரும்பப் பிடிக்க உடம்பு தன் பங்குக்கு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். தைராய்டு, பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறு, சில மருந்துகள் எல்லாம் தனிக்கதை. இதை அறியாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் "மறுபடி முயற்சி செய்" என்று சொல்லி வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் தோற்றதாகவே வீட்டில் பதிவாகியிருக்கும்.

நாலு பேர் சொன்னால்தான் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்று நம்புகிறவர்கள் நிறைய. கேலிக்கு மருத்துவ குணம் கிடையாது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்கு ஆண்டு இடைவெளியில் பார்த்து 2013இல் எழுதினார்கள்: எடைக்காக இழிவாக நடத்தப்பட்டவர்கள் உடற்பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு, அப்படி நடத்தப்படாதவர்களை விட இரண்டரை மடங்கு. நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். பண்டிகைக்கு வந்த அத்தை வாசலிலேயே "ஏட்டி, நல்லா வண்ணம் வச்சிட்டியே" (குண்டாகிவிட்டாயே) என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்ததும் முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டுவாள். எடுத்தாலும் பேச்சு, எடுக்காவிட்டாலும் பேச்சு.

எடை குறைகிற வரைக்கும், ஒருவேளை குறையாமலே போனாலும், அந்த உடம்போடுதானே பஸ் ஏற வேண்டும், துணி உடுக்க வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும்? டவுன் பஸ்ஸில் முதல் படி முழங்கால் உயரம். ஏறினால் மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆளாகப் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி போக வேண்டும். வளைவு வரும்போது நடைபாதையில் விழாமல் இருப்பதே ஒரு வித்தை. "ரெண்டு டிக்கெட்டு எடுக்கணும்" என்று யாராவது முனகுவார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு சுழியம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டால் தீர்ந்தது.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிற அம்மா நல்ல பருமன். கல்யாண வீடுகளில் அவரைக் கவனித்திருக்கிறேன். எந்த பிளாஸ்டிக் நாற்காலியிலும் சட்டென்று உட்கார மாட்டார். முதுகுப் பக்கம் கையை வைத்து ஒரு அழுத்து. பிறகு பக்கத்து நாற்காலியை எடுத்து அதன்மேல் செருகி, இரட்டையாக்கி உட்காருவார். பேசிக்கொண்டே செய்வதால் யாருக்கும் தெரியாது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "இன்னொரு தடிச்சிதான்" என்றார். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அந்த மாதிரிப் பாடங்கள் வேறெங்கும் கிடைக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடையோடு தொடை உரசிப் புண்ணாகும். அதற்குச் சேலைக்கு உள்ளே முழங்கால் வரை ஒரு டைட்ஸ் போட்டால் போதும் என்பதைப் புருஷனோ டாக்டரோ சொல்வதில்லை, பட்டவர்தான் சொல்வார். டெய்லர் கடையில் டேப்பைச் சுற்றி "நாப்பத்தாறு!" என்று உள்ளே இருக்கிற பையனுக்குக் கேட்கும்படி கூவாத கடை எது என்பதும் அப்படித்தான் தெரியவரும். மார்த்தாண்டம் வரை போகிறார்கள் என்றால் அங்கே கூவாமல் எழுதிக்கொள்கிறார்கள் என்று பொருள். போகட்டுமே.

"சுடிதார் தைக்கிறார்கள், இந்த உடம்புக்கு!" என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். யார் உடம்பில் எந்தத் துணி கிடக்கலாம் என்று ஊரார் தீர்ப்புச் சொல்லி, அதை எதிர்த்து, மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. அந்த வலி வேறு, அதை இதோடு நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த மாவட்டத்துக்காரர் இந்த ஆச்சரியக்குறியைப் போடுவதற்குமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பருமனாக இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் 1969இலேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. தொடங்கியவர் பில் ஃபேப்ரி என்ற இளம் என்ஜினீயர், நியூயார்க்காரர். தன் மனைவியைப் பருமனுக்காக மற்றவர்கள் நடத்திய விதம் பொறுக்காமல் தொடங்கினார். ஆம், ஒரு கணவர். அதே நியூயார்க் மாநகரத்தில் 2023இல், எடையைக் காரணம் காட்டி வேலையோ வாடகை வீடோ மறுக்கக்கூடாது என்று சட்டமே வந்தது.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூடுதல் எடைக்கும் சர்க்கரைக்கும், முழங்கால் தேய்வுக்கும், தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதற்கும் தொடர்பு உண்டு. அதற்காகத்தான் பரிசோதனை, மருந்து, நடை. வாரம் 150 நிமிட நடை, தராசு முள் அசையாவிட்டாலும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது செய்யும். தொட்டிப்பாலம் 1,240 அடி நீளம்; போய்த் திரும்பினால் அரைமணி நடையில் ஒரு பங்கு கழிந்துவிடும். அவர் நடந்துவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

உங்கள் இடுப்புச் சுற்றளவும் இல்லை. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிற ஆண்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அவர்களை யாரும் குண்டு என்று சொல்வதுமில்லை, பஸ்ஸில் இரண்டு டிக்கெட் கேட்பதுமில்லை, ஆனால் சர்க்கரை தேடி வரும். வேட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றிப் பாருங்கள். மூச்சை உள்ளிழுக்காமல்.

புத்தி சொல்லி எழுதக் கேட்டீர்கள். அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் போனதும், கை இல்லாத நல்ல நாற்காலி ஒன்றைப் பார்த்து வையுங்கள். பந்தியில் யாராவது அவர் உடம்பைப் பற்றி வாயைத் திறந்தால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். போளிக்கு இரண்டாம் தரம் பாலடைப் பாயசம் விடலாமா என்று பரிமாறுகிறவர் உங்களைப் பார்த்துக் கேட்டால், "அவளிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் இலையைப் பாருங்கள்.