மூன்று செக்கன் காத்திருப்பு

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். ஒரு வினாவைக் கேட்டுவிட்டு, விடையை உடனே சொல்லாமல் சற்றுப் பேசாதிருப்பது என் வழக்கம். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை. சூம் வகுப்பென்றால் 'மிஸ், லைன் கட் ஆகிவிட்டதா?' என்கிறார்கள். பாடத்திட்டம் முடியாமல் நேரம் வீணாகிறது என்று ஒரு தாயார் முறையிட்டார். கற்பித்தலில் மௌனத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பயன் உண்டு, ஆனால் மௌனத்துக்கென்று தனியாக ஒரு மகிமை இருப்பதாக நான் நம்பவில்லை. ஆர்முடுகலின், அதாவது வேகம் மாறும் வீதத்தின், அலகு என்ன என்று கேட்டுவிட்டு வாய்மூடி நிற்பதில் அர்த்தமில்லை. தெரிந்த பிள்ளை சொல்லும், தெரியாத பிள்ளை எவ்வளவு நேரம் விட்டாலும் சொல்லாது. யோசித்தால் விடை மாறக்கூடிய வினாவுக்குத்தான் இடைவெளி வேண்டும்.

நேராக மேலே எறிந்த கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன என்று கேளுங்கள். முன்வாங்கிலிருந்து 'பூச்சியம்' என்று ஒரு குரல் உடனே வரும். நீங்களும் அதே வேகத்தில் 'பிழை' என்றால் அந்தப் பிள்ளை வேறொரு விடையை ஊகிக்கும். சரியாக அமைந்தாலும் அது ஊகந்தான். சரி, பிழை எதையும் முகத்தில்கூடக் காட்டாமல் நின்றீர்களானால், பூச்சியமாவது வேகம் மட்டுமே என்பதும், ஆர்முடுகலும் பூச்சியமானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பதும் அதே பிள்ளைக்கோ பின்வாங்கில் இருப்பவருக்கோ தோன்ற வழியுண்டு. வினாவுக்குப் பின் காத்திருப்பதைவிட விடைக்குப் பின் காத்திருப்பது கடினம். பயனும் அதிலேதான் அதிகம் என்பது என் கணிப்பு.

அமெரிக்க அறிவியற் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதியபோது, ஆசிரியர்கள் இவ்விரு இடங்களிலும் ஏறத்தாழ ஒரு செக்கனே காத்திருப்பதைக் காட்டினார். அது மூன்று செக்கனுக்கு மேல் நீண்ட வகுப்புகளில் விடைகள் நீண்டன, விடையே வராமற் போவது குறைந்தது, ஆசிரியர் மந்தமானவர்கள் என்று ஒதுக்கியிருந்தவர்களும் பேசத் தொடங்கினர். கெட்டிக்காரர் எனக் கருதிய பிள்ளைகளுக்கே ஆசிரியர்கள் கூடுதலாகக் காத்திருந்தனர் என்பதும் அவரது அவதானிப்பு. உங்கள் வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்று கைத்தொலைபேசியில் ஒருமுறை பதிந்து கேட்டுப் பாருங்கள். நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே காத்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்குப் பிடிக்காததற்கும் காரணம் இருக்கிறது. வாயில் விரலை வைத்து இருக்கச் சொன்ன முதலாம் ஆண்டிலிருந்தே அவர்கள் அறிந்த மௌனம் தண்டனைதான். ஆசிரியர் பேசாமல் நின்றால் யாருக்கோ ஏச்சு விழப்போகிறது என்றே நினைப்பார்கள். ஏன் நிற்கிறீர்கள், அந்நேரத்தில் கொப்பியில் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாயாரிடம் உயர்தரப் பரீட்சையின் பௌதிகவியல் வினாத்தாளையே காட்டலாம். முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது வினாவொன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். இரண்டாம் பத்திரத்துக்கோ, வினாக்களை வாசித்து, தெரிவு செய்து, எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்த 10 நிமிடம் மேலதிக வாசிப்பு நேரமாகவே ஒதுக்கப்படுகிறது. எழுதாமல் யோசித்துப் பழகாத பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமும் பதற்றத்திலேயே போய்விடும். பாடத்திட்டம் பற்றிய அவரது கவலை நியாயமானதுதான். எனினும் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று வினாக்களுக்கு மட்டும் நின்றால் ஐந்து நிமிடம்கூடச் செலவாகாது.

சூமில் மூன்று செக்கன் போதாது; மைக்கைத் திறக்கவே அவ்வளவு நேரம் போய்விடும். திரையில் ஒரு நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டால் லைன் போய்விட்டதோ என்ற சந்தேகம் எழாது. எல்லோரும் விடையைத் தட்டெழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன பிறகே அனுப்பட்டும். முந்திக்கொண்டவரின் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவதும் அத்துடன் நின்றுவிடும்.