வால்வு ரேடியோவை வாங்கியதும் மின்சாரத்தில் செருகாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் மரப்பெட்டி வால்வு ரேடியோ (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய வகை) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "செருகிப் பாட வைத்தே காட்டுகிறேன்" என்கிறார் கடைக்காரர். பாடினால் நம்பி வாங்கலாமா? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: பாட வைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பல வருடம் சும்மா கிடந்த பெட்டிக்குள் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள் பினாங்கின் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்து மின்சாரத்தைக் கசியவிடும் நிலைக்கு வந்திருக்கும். அந்த நிலையிலும் ரேடியோ சில நிமிடம் நன்றாகவே பாடும். அந்தச் சில நிமிடத்தில் ஒலியைப் பெருக்கும் ஒலி வால்வும், அதை ஒலிபெருக்கியோடு இணைக்கும் ஒலி டிரான்ஸ்பார்மரும் கருகிவிடக்கூடும். எனவே சந்தையில் கேட்கும் பாட்டு எதையும் நிரூபிக்காது. சாதாரண மல்டிமீட்டர் அதைவிட நிறையச் சொல்லும்.

மின்கம்பி செருகப்படாத நிலையில் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, பிளக்கின் இரண்டு மின்முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியில் பெரும்பாலும் 30 முதல் 60 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுவிட்சோ கம்பியோ கெட்டிருக்கலாம். டிரான்ஸ்பார்மரின் சுருளே அறுந்தும் இருக்கலாம். சுருள் அறுந்த பெட்டியை அலங்காரப் பொருளின் விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

அடுத்தது ஒலி டிரான்ஸ்பார்மர். பின்பலகையைத் திறந்து ஒலி வால்வை நேராக மேலே இழுத்து எடுங்கள். அதன் மேல் எழுதியுள்ள வகைப்பெயர் இஎல் 84 என்றால் அதன் துளைப்பீடத்தில் 7ஆம், 9ஆம் துளைகளுக்கு இடையே அளக்க வேண்டும். இசிஎல் 82 என்றால் 6ஆம், 7ஆம் துளைகள். மேலிருந்து பார்க்கும்போது, துளை வட்டத்தில் உள்ள அகன்ற இடைவெளியிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுங்கள். அடியிலிருந்து எண்ணுவதற்கு இது நேர்மாறு. சில நூறு ஓம் காட்டினால் நல்லது. நடுவில் ரெசிஸ்டர் உள்ள பெட்டிகளில் ஒன்றிரண்டு ஆயிரம் வரை போகலாம். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் மெல்லிய செம்புக் கம்பியில் பச்சைப் பூத்து அறுந்துபோவது மிகச் சாதாரணம்.

மூன்றாவதாகப் பெட்டி. அடிப்பலகையில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. டயல் கண்ணாடி உடைந்திருந்தால் அதே மாடலுக்கு இன்னொன்று கிடைப்பது மிக அரிது. வால்வு ஒன்றிரண்டு குறைவதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். இஎல் 84 கிதார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக இன்றும் புதிதாகத் தயாராகிறது. இசிஎச் 81 போன்றவை பழைய இருப்பாக இணையத்தில் கிடைக்கின்றன. பச்சை ஒளி காட்டும் மேஜிக் கண் வால்வு மங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள். அதன் பூச்சு தேய்ந்துவிட்டால் திரும்ப ஒளிர வைக்க வழியில்லை.

கேள்வி: "அபூர்வமான ரெடிஃப்யூஷன் வால்வு ரேடியோ" என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: நினைவுப் பொருளாக வாங்கலாம், வால்வு ரேடியோவாக வாங்கக் கூடாது. ரெடிஃப்யூஷன் நிகழ்ச்சிகள் வீட்டுக்குக் கம்பி வழியாக வந்தன. வீட்டில் இருந்த பெட்டிக்குள் ஒலிபெருக்கி, சிறிய டிரான்ஸ்பார்மர், ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழ் ஆகியவைதான் இருந்தன. அந்தக் கம்பிச் சேவை நின்றுபோன பிறகு பெட்டியால் எதையும் தானாகப் பிடிக்க முடியாது. பின்பக்கம் திறந்து, உள்ளே வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பிலிப்ஸ் ரேடியோ பரணில் இருந்து கிடைத்தது. முப்பது வருடமாக யாரும் தொடவில்லை. எனக்குச் சால்டரிங் பழக்கம் உண்டு. எங்கே தொடங்குவது? (செந்தூல் வாசகர்)

பதில்: வால்வை மாற்றுவதில் தொடங்காதீர்கள். வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போவது கெப்பாசிட்டர்களும் சில ரெசிஸ்டர்களும்தான்.

பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸை வெளியே எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் பிடித்து வையுங்கள். டயல் கயிறு எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதை மறக்காமல் தனியே எடுங்கள். அறுந்துவிட்டால் அந்தப் படம்தான் கைகொடுக்கும். ரப்பர் உறையுள்ள கம்பிகள் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் அவற்றை மாற்றியாக வேண்டும். ஒலி வால்வுக்கு மேலே, பெட்டியின் உட்புறம் சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள், காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள்.

முதலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு கெப்பாசிட்டர். முந்தைய வால்வின் ஒலி வெளிவரும் முனையான அனோடிலிருந்து, ஒலி வால்வின் ஒலி உள்ளே போகும் முனையான கட்டுப்பாட்டுக் கிரிட்டுக்குப் போவது அது. இஎல் 84இல் அந்தக் கிரிட் 2ஆம் முனை, இசிஎல் 82இல் 3ஆம் முனை. அதன் அளவு பெரும்பாலும் 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். அது கசிந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறும், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், ஒலி டிரான்ஸ்பார்மர் எரியும். ஒரு ரேடியோவைக் கொல்லும் பாகங்களில் இதற்குத்தான் முதலிடம். அதே அளவில் 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டரைப் போடுங்கள்.

அதன் பிறகு மெழுகு பூசியவை, கருந்தார் ஊற்றியவை, பழுப்பு நிறத்தில் வெடித்துக் கிடப்பவை என்று காகித வகை அனைத்தையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு யோசித்தால் இடம் தவறும். மைக்கா, செராமிக் வகைகளைத் தொட வேண்டாம். அவை அரிதாகவே கெடும். சில இசைவுச் சுற்றில் இருப்பதால் மாற்றினால் நிலையமே இடம் மாறும். அதே காரணத்துக்காக இடைநிலை அலைவரிசைச் சுருள்களின் திருகுகளையும் திருப்பாதீர்கள். ரெசிஸ்டர்களை ஒரு முனை கழற்றி அளந்து, எழுதியிருப்பதைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். 100 கிலோ ஓமுக்கு மேற்பட்ட பழைய கரி ரெசிஸ்டர்கள்தான் அதிகம் ஏறியிருக்கும்.

அலுமினியக் குவளை வடிவில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மேலே அப்படியே நிற்க விட்டு, கீழே இணைப்பைத் துண்டித்து, புதியவற்றை அடியில் பொருத்துங்கள். பெட்டியின் தோற்றம் மாறாது. பெரும்பாலான பெட்டிகளுக்கு 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி வகை இரண்டு போதும். "பெரிதாகப் போட்டால் உறுமல் குறையும்" என்று 100, 220 எனப் போடுகிறார்கள். மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கும் இஇசட் 80 ரெக்டிஃபயர் வால்வுக்குப் பின்னால் வரும் முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு முறை போடும்போதும் அந்த வால்வு அடி வாங்கும். வீட்டு மின்சாரத்தின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டருக்கு எக்ஸ்2 வகை, மின்கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2 வகை, இரண்டும் பாதுகாப்பு வகைகள். இந்த இரண்டு இடங்களில் சாதாரண வகையைப் போடவே கூடாது. இந்தப் பாகங்களைக் கோலாலம்பூரில் புடு, ஜாலான் பாசார் கடைகளில் தேடலாம்.

இப்போது மின்சாரம். பின்புறத்து வோல்ட் மாற்றியைப் பாருங்கள். நம் மலேசியாவில் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், ஆனால் 10 விழுக்காடு வரை ஏறலாம், அதாவது 253 வரை. 220, 245 என்று இரண்டு நிலை இருந்தால் 245இல் வையுங்கள். 127இல் இருப்பதைக் கவனிக்காமல் செருகினால் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மருக்கு முன் 500 மில்லி ஆம்பியர் தாமத வகை ஃபியூஸ் ஒன்று இருப்பது இன்னும் நல்லது.

முதல் முறை நேரடியாகச் செருகாமல், மின்வழியில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கி, வால்வுகள் சூடானதும் கொஞ்சம் கூடினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் பல்பை நீக்கி அளவெடுங்கள். இஎல் 84 என்றால் 2ஆம் முனையில் நேர்மின்னழுத்தம் பூச்சியமாக இருக்க வேண்டும். 3ஆம் முனையில், அதாவது கேத்தோடில், ஏறத்தாழ 6 முதல் 8 வோல்ட். அது 10ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றில் 250 வோல்ட் அளவுக்கு இருக்கும், நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். 4.7 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறையுள்ள கம்பியில் கட்டி, ஒவ்வொரு முறையும் சில நொடி வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: சிறிய பேக்கலைட் ரேடியோ. பாடுகிறது. ஆனால் குமிழின் திருகைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் கொடுத்தால் சரியாகுமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: இப்போதே கழற்றி வையுங்கள். எர்த் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெட்டியில் டிரான்ஸ்பார்மர் இல்லை. வால்வுகளின் பெயர் 'யூ'வில் தொடங்குகிறதா என்று பாருங்கள். யூசிஎச் 81க்கு 19 வோல்ட், யூஎல் 84க்கு 45, யூஒய் 85க்கு 38 என்று வால்வுகளைச் சூடாக்கும் எல்லா இழைகளையும் 100 மில்லி ஆம்பியரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மிச்ச வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரில் எரித்துவிடுவார்கள். சேசிஸே மின்கம்பியின் ஒரு முனை, அதனால்தான் எர்த் கொடுக்கக் கூடாது. பிளக் மாறி இணைக்கப்பட்டிருந்தால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். நியூட்ரல் பக்கம் சரியாக இணைத்திருந்தாலும், சுவிட்ச் அந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தால், ரேடியோவை நிறுத்தியதும் வால்வு இழைகள் வழியாகச் சேசிஸுக்கு மின்சாரம் வந்துவிடும். நிறுத்திய பெட்டி அடிக்காது என்று நம்பித்தான் பலர் கை வைக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: சேசிஸ் நியூட்ரலுக்கு வரும்படி மூன்று முனை பிளக்கை இணைத்து, டெஸ்டர் பேனாவால் உறுதி செய்யுங்கள். சுவிட்ச் இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் வகையாக இருக்கட்டும். ஆன்டெனா, எர்த் துளைகளில் உள்ள கெப்பாசிட்டர்களை அதே அளவில் ஒய்2 வகையாக மாற்றுங்கள். குமிழ்த் திருகுகளின் குழியை மெழுகால் அடையுங்கள். பின்பலகை இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். மேசையில் வைத்துப் பழுது பார்ப்பதென்றால் ரேடியோவை வீட்டு மின்கம்பியிலிருந்து பிரித்து வைக்கும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அதற்குப் பின்னால் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி உங்களைக் காப்பாற்றாது என்பதால், இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வகை ரேடியோவைப் பார்வைக்கு மட்டும் வையுங்கள் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: சரி செய்த பிறகு தமிழ் நிலையங்கள் கேட்குமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: பண்பலை உள்ள பெட்டியாக இருந்தால் கேட்கும். மின்னல் எஃப்எம், ராகா எல்லாம் பண்பலையில்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் 96.3, ராகா 99.3, பழைய ஜெர்மன் பெட்டிகளின் டயல் 100 அல்லது 104 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும் என்றாலும் இவை இரண்டும் உள்ளே வந்துவிடுகின்றன. வேறு ஊரில் அலைவரிசை வேறு என்பதால் அங்குள்ளவர்கள் டயல் எதுவரை போகிறது என்று பார்த்து வாங்குங்கள். மொத்தம் 1.5 மீட்டர் நீளத்தில் இரு கையாக விரித்த ரிப்பன் கம்பி ஆன்டெனா போதும். சூடாகும் முதல் கால் மணி நேரம் நிலையம் சற்று நகரும், அது பழுது அல்ல.

மத்திய அலை, சிற்றலை மட்டும் உள்ள பெட்டியென்றால், பின்னால் கிராமஃபோன் துளை இருக்கிறதா பாருங்கள். கைத்தொலைபேசியின் இடது, வலது ஒலியை இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி அதில் கொடுக்கலாம். டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டிக்கு மட்டுமே இது பொருந்தும். மேலே சொன்ன 'யூ' வகையில் கைத்தொலைபேசியை இணைத்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: டயல் கண்ணாடியில் அழுக்கு. எதால் துடைப்பது? (பிறை வாசகர்)

பதில்: முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். நிலையப் பெயர்கள் அச்சிட்ட உட்பக்கத்தில் நீர், சோப்பு, ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. எழுத்து துணியோடு வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகை மட்டும் போதும்.

கேள்வி: இணையத்தில் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று விற்ற ரேடியோவை வாங்கினேன். இரண்டாம் வாரம் புகை வந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் பழைய மெழுகுக் கெப்பாசிட்டர்கள். பழைய பொருளுக்குப் பொறுப்பில்லை என்கிறார் விற்றவர். (பூச்சோங் வாசகர்)

பதில்: விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் அந்தப் பதில் செல்லாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழைய பொருளுக்கு வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும். விற்கும்போதே சொல்லிவிட்ட குறைக்கும் வழக்குப் போட முடியாது. ஆனால் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்பது அவரே கொடுத்த வர்ணனை. தொழிலாக இல்லாமல் தன் வீட்டுப் பொருளை விற்ற தனிநபர் என்றால் இந்தச் சட்டம் உதவாது.

விளம்பரத்தையும் உரையாடலையும் அவர் நீக்குவதற்கு முன் படம் பிடித்து வையுங்கள். உள்ளே எதையும் மாற்றாமல், கருகிய இடத்தையும் மெழுகுக் கெப்பாசிட்டர்களையும் தெளிவாகப் படமெடுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம்: கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை முடியும்வரை ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். பழைய கெப்பாசிட்டர்கள் உள்ளே இருப்பதுதான் உங்கள் பக்கத்துச் சாட்சி.