கடைக்குப் பெயர், இணையத்துக்கு முகவரி: தருமபுரி, கிருஷ்ணகிரி உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கும் நம் இரு மாவட்ட உறுப்பினர்கள், தொழிலுக்குப் பெயர் வைப்பது பற்றியும் டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், வாங்குவது பற்றியும் நிறைய கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இணையதளம் அமைப்பது, விளம்பரம் கொடுப்பது எல்லாம் இன்னொரு நாள் பார்ப்போம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணா, எங்கள் தோட்டத்து மாம்பழத்தை பெங்களூரு, சென்னை வீடுகளுக்கு நேரடியாக அனுப்பப் போகிறோம். 'கிருஷ்ணகிரி மேங்கோஸ்' என்றே டொமைன் எடுத்தால் கூகுளில் முதலில் வருவோமா?

அந்தப் பெயருக்காக மட்டும் வரமாட்டீர்கள். தேடும் சொல்லையே டொமைனாக வைத்தால் மேலே வரும் என்றொரு காலம் இருந்தது. 2012 செப்டம்பரில், சரக்கில்லாத தளங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காதபடி கூகுள் மாற்றிவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லி டொமைன் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பெயர் உங்களுடையதாகவே ஆகாது. ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் மட்டும் சேர்ந்த பெயருக்கு டிரேட்மார்க் (வணிகக் குறி உரிமை) கேட்டால், 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு குறுக்கே நிற்கும். கிருஷ்ணகிரியில் மாம்பழம் விற்கிற எல்லோருக்கும் அந்த இரண்டு சொற்களும் வேண்டுமே! அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டக்காரர் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு அதே பெயரில் தொடங்கினால் நீங்கள் வாய் திறக்க முடியாது.

அப்புறம், சீசன் ஜூலையோடு முடிகிறது. ஆகஸ்டில் என்ன விற்பீர்கள்? புளி, ராகி என்று போனால் மாம்பழப் பெயர் இடிக்கும். சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனமே, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளைத் தாண்டி வளர்ந்தபின் 2017-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயரை மாற்ற வேண்டிவந்தது. அவர்களிடம் அதற்குப் பணம் இருந்தது.

என் யோசனை: உங்கள் நிலத்துக்கு வீட்டில் ஒரு பெயர் சொல்வீர்கள் இல்லையா, பாறைக்காடு, ஏரிமேடு என்று? அதை முன்னால் வையுங்கள். அந்த மாதிரிப் பெயர் பெரும்பாலும் காலியாக இருக்கும், சொல்ல ஒரு கதையும் இருக்கும். 'கிருஷ்ணகிரி மாம்பழம்' என்பது தளத்தின் தலைப்பு வரியிலும் பெட்டியின் மேலும் வரட்டும். தேடுகிறவர்களுக்கு அது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: நம் பக்கம் நிலத்தைக் கொல்லை என்போம். ஆங்கில எழுத்தில் கொல்லையும் கொள்ளையும் ஒன்றுதான். 'மேட்டுக்கொல்லை' என்று நீங்கள் வைப்பதைச் சென்னைக்காரர் எப்படிப் படிப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் போடும்போது பொருளுக்கேற்ற வகுப்பு எண்ணைக் கவனியுங்கள். பழமாக விற்றால் 31, கூழாக விற்றால் 29, ஜூஸாக விற்றால் 32. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இப்போது விற்கிற வகுப்புக்கு மட்டும் போட்டால் போதும்.

அரூரிலிருந்து: சார், சாமை, தினை, ராகி மாவு விற்கிறேன். பெயரியல் பார்த்தவர் கூட்டுத்தொகை 5 வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு 'ஏ'வும் கடைசியில் ஒரு 'ஹெச்'சும் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். டொமைனும் அப்படியே வாங்க வேண்டுமா?

நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. போர்டில், பில்லில், பாக்கெட்டில் அவர் சொன்னபடியே போடுங்கள். ஆனால் டொமைனை டைப் செய்யப் போவது உங்கள் வாடிக்கையாளர். அவருக்கு உங்கள் கூட்டுத்தொகை தெரியாது. போனில் "ஏ ரெண்டு தடவைம்மா, கடைசியில ஒரு ஹெச், இல்லம்மா, ஹெச் சத்தம் வராது" என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் சாதாரண எழுத்தில் அடித்தால் வேறு யாருடைய தளமோ திறக்கும். மெயில் அனுப்பினால் அதுவும் அங்கே போய்ச் சேரும்.

அதனால் சாதாரண எழுத்துக்கூட்டலில் ஒன்று, கூட்டுத்தொகை எழுத்துக்கூட்டலில் ஒன்று என இரண்டையும் வாங்கி, ஒன்றைத் திறந்தால் மற்றதற்குப் போகும்படி வையுங்கள். இரண்டாவதற்கு ஆகும் வருடச் செலவு பெயரியல்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ போன் போட்டு, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, ஆங்கிலத்தில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லக் கூடாது. நாலைந்து பேரிடம் கேட்டு, வந்தவற்றில் எது அதிகமோ அந்த எழுத்துக்கூட்டல்தான் உங்கள் டொமைன்.

பென்னாகரத்திலிருந்து: பெயரில் ழகரம் இருக்கிறது, என்ன செய்வது?

முடிந்தால் தவிருங்கள். 'இசட் ஹெச்' போடுகிறவர் பாதி, 'எல்' போடுகிறவர் பாதி. பெங்களூருக்காரர் எழுத்தைப் பார்த்து 'இசட்' சத்தத்தோடு படிப்பார். விட மனமில்லை என்றால் இரண்டையும் வாங்க வேண்டியதுதான். 'ஸ்ரீ'யில் தொடங்கும் பெயருக்கும் இதே தொல்லை உண்டு. அதை எழுத மூன்று வழியாவது இருக்கிறது.

காரிமங்கலத்திலிருந்து: குலதெய்வத்தின் பெயரையே வைத்திருக்கிறேன். வேறு யாரும் வைக்காதபடி தடுக்கலாமா?

சாமி பெயரை வைப்பதில் தவறில்லை, தடுப்பதுதான் கஷ்டம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை ஒருவர் தனக்கே உரியதென்று கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை யாரும் தனியுரிமையாகக் கோர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாமி பெயரோடு உங்களுக்கே உரிய இன்னொரு சொல்லையும் சேர்த்து வையுங்கள்.

ஓசூரிலிருந்து: பசுமைக்குடில் ரோஜா விற்கிறோம். பாதி வாடிக்கையாளர்கள் பெங்களூரில். டாட் காம் எடுக்கவா, டாட் இன் எடுக்கவா?

முதலில் டாட் காமில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். காலி என்றால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். எங்கோ வெளிநாட்டில் வேறு தொழில் செய்கிறவர் வைத்திருந்தால் டாட் இன் தாராளமாகப் போதும். 2005 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது, மக்களுக்கும் பழகிவிட்டது. ஆனால் இந்தியாவிலேயே இன்னொரு பூ வியாபாரி வைத்திருந்தால் பெயரையே மாற்றுங்கள். உங்கள் விளம்பரத்தைப் பார்த்தவர் பழக்கத்தில் டாட் காம் என்று அடித்து அவரிடம் போய் வாங்குவார்.

பெயர் கன்னடக்காரர் வாயிலும் தெலுங்குக்காரர் வாயிலும் நுழைய வேண்டும். 'ரோஜா' மூன்று பேருக்கும் புரியும். 'பூ' கன்னடத்தில் ஹூவு, தெலுங்கில் புவ்வு.

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி: ஆன்லைனில் சேலை விற்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே 'போச்சம்பள்ளி சாரீஸ்' என்று வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. தெலங்கானாவிலும் ஒரு போச்சம்பள்ளி இருக்கிறது. அங்கே நெய்யும் இக்கத் (நூலுக்கு முன்பே சாயமேற்றி நெய்வது) சேலைக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கே உரிய பெயர்ப் பாதுகாப்பு, உண்டு. சேலைக் கடைக்கு அந்தப் பெயரைப் போட்டால் வாங்குகிறவர் அந்தச் சேலை என்றே நினைப்பார். வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்பது தண்டனைக்குரிய குற்றம். 'நம் ஊர் பெயர்தானே' என்ற நியாயம் அங்கே எடுபடாது. முகவரியில் போச்சம்பள்ளி இருக்கட்டும், பெயரில் வேண்டாம். நீங்கள் தேங்காய் விற்றிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பாலக்கோட்டிலிருந்து: நான் நினைத்த டொமைனை யாரோ வாங்கி வெறுமனே போட்டிருக்கிறார்கள். கேட்டால் 60 ஆயிரம் என்கிறார்கள். வழக்குப் போடலாமா? இல்லை, நடுவில் ஹைபன் (சிறு கோடு) போட்டு வாங்கிக்கொள்ளட்டுமா?

அந்தப் பெயரில் நீங்கள் ஏற்கெனவே தொழில் செய்து, ஊரறிந்த பிறகு அவர் வாங்கினார் என்றால் வழி இருக்கிறது. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போலப் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சிஃபி என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டாட் இன் என்றால் அதற்கென்றே தனியாக ஒரு தீர்ப்பு முறை உண்டு. ஆனால் உங்கள் தொழில் இன்னும் தொடங்கவே இல்லை, அவர் முன்பே வாங்கிவிட்டார். இதில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. 60 ஆயிரத்தை வைத்து விதையும் சரக்கும் வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள்.

ஹைபன் வேண்டாம். வாயால் சொல்லும்போது அது காணாமல் போய்விடும். அண்டர்ஸ்கோர் (கீழே வரும் கோடு) இன்ஸ்டாகிராமில் வரும், டொமைனில் வரவே வராது.

தருமபுரியிலிருந்து: பிரைவேட் லிமிடெட் பதிந்தாகிவிட்டது. பெயர் எனக்குத்தானே?

கம்பெனிப் பதிவேட்டில் மட்டும். டிரேட்மார்க் வேறு, டொமைன் வேறு, ஒன்றைப் பதிந்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது. டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்தை வைத்து மட்டும் தேடாமல் உச்சரிப்பை வைத்தும் தேடுங்கள்.

ஒகேனக்கல் சுற்றுலா முன்பதிவு தொடங்கும் தம்பி: பெரிய கம்பெனிப் பெயரின் வாலை ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் மனதில் நிற்குமே?

நோட்டீஸும் சீக்கிரம் வரும். 'யாஹூ இந்தியா' என்று வைத்தவரை 1999-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. சொமாட்டோகூட முதலில் ஃபூடிபே என்றுதான் இருந்தது, ஈபே என்ற அமெரிக்க ஆன்லைன் விற்பனைத் தளம் போலத் தொனிக்கும் வாலோடு. 2010-ல் மாற்றிக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: முழுக்கத் தமிழ் எழுத்திலேயே டொமைன் கிடைக்குமா?

கிடைக்கும். டாட் இந்தியா என்பதே தமிழ் எழுத்தில் இருக்கிறது. ழகரத் தகராறும் இல்லை. ஆனால் சில இடங்களில் லிங்க்கை ஒட்டினால் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாக மாறிவிடும், மெயிலையும் பல தளங்கள் ஏற்காது. ஆசைக்கு இரண்டாவதாக வாங்குங்கள்.

பர்கூரிலிருந்து: வெப்சைட் செய்தவரே டொமைனையும் வாங்கிக் கொடுத்தார். இப்போது போனை எடுப்பதில்லை. புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது.

இந்த ஒரு புகார்தான் எனக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் ஏமாற்று வேலை இல்லை. அவர் பத்துப் பேருடைய டொமைனையும் தன் ஒரே கணக்கில் போட்டு வைத்திருப்பார், வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஆளை நேரில் பிடியுங்கள். நீங்கள் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, டொமைனின் பூட்டைத் திறந்து, அதை உங்கள் கணக்குக்கு மாற்றத் தேவையான குறியீட்டைத் தரச் சொல்லுங்கள். டாட் காம் என்றால் மாற்றும்போதே ஒரு வருடம் கூடிவிடும், அதற்கான பணத்தை நீங்கள் கட்டுவீர்கள். வாங்கி 60 நாள் ஆகாத டொமைனை மாற்ற முடியாது. தேதி தாண்டிவிட்டாலும் உடனே பறிபோய்விடாது. சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள், அதன்பின் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். முதல் வருடச் சலுகை விலையை நம்பாமல், புதுப்பிக்கும் விலை என்ன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கணக்குக்கு உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள். அதே டொமைனில் இருக்கும் மெயிலைக் கொடுத்தால், டொமைன் காலாவதியாகும் நாளில் மெயிலும் நின்றுபோகும். அப்புறம் எச்சரிக்கையும் வராது, மெயிலுக்கு வரும் ஓடிபியும் வராது.